மேஸ் போட்ட கோழி

— உந்தப் பையைத் தந்திட்டு நீ எங்க வேணுமெண்டாலும் போ, பிள்ளை. நான் மறிக்கேல்லை.

— பை இல்லாமல் எனக்கு இந்த ஸ்டேசனில என்ன அலுவல், அத்தான்? பனி பாக்கவோ வந்து நிக்கிறன்?

— கேள் பிள்ளை. இப்ப நீ ஹோட்டலில அறை துடைச்சுக்கொண்டு நிக்கவேண்டிய நேரம். முதலாளி பத்ரோன் தேடினா நான் என்ன சொல்லுறது?

— தேடமாட்டார். லீவு கேட்டிட்டுத்தான் வந்தனான். பல்லுக் குத்துது எண்டனான்.

— சிவனே. பொய்யும் சொல்லிப்போட்டு.

— அவர் ஒரு மாதமா ஊருக்கெல்லாம் ஃபஸான் கோழி எண்டு பொய் சொல்லி வேற பறவையைத் தின்னக் குடுத்தவர். நான் என்ர ஒரு பல்லைப் பற்றித்தானே சொன்னன்.

— மெல்லக் கதை.

— ஆருக்கு விளங்கப்போகுது? அந்த ஸ்டேசன் மாஸ்டருக்கோ? அந்தாளுக்கு என்ர தமிழிலும் பாக்க உங்கட ஜெர்மன்தான் கஷ்டமா இருக்கும்.

— பகிடி விடாதை. எத்தினை மணிக்கு ரயில்?

— பத்து நாற்பதுக்கு. இன்னும் இருபது நிமிசம் கிடக்கு.

— இருபது நிமிசம் காணும். நான் சண்டை பிடிக்க வரேல்லை, தயாநிதி. கண்காணாத தேசத்தில, கொக்காவின்ர புருசன் எண்ட முறையில, உனக்கு ஒரு தகப்பன் மாதிரி நிண்டு...

— தகப்பன் வேண்டாம். எனக்கு ஒருத்தர் வன்னியில இருக்கிறார், அவரே காணும். நீங்கள் அத்தானா நிண்டு கதையுங்கோ.

— சரி. அத்தானாவே கேக்கிறன். அந்தக் குசினியில ஆறு தமிழர் நிக்கிறம். ஆறு பேரின்ர வேலை அனுமதியும் அந்த மனிசன்ர ஒரு கையெழுத்தில தொங்குது. வேலை போனா அடுத்த நாளே அகதிக் காம்புக்கு அனுப்புவாங்கள். காம்பில இருந்து எங்க அனுப்புவாங்கள் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவ்வளவும் எதுக்கு? ஒரு பை கோழிக்காலுக்கு.

— கோழிக்கால் இல்லை.

— சரியம்மா. மேஸ் போட்ட கோழிக்கால்.

— அந்தப் பேரை வைச்சதே நீங்கள்தானே. அண்டைக்கு நீங்கள் அந்தப் பகிடியை விட்டிருக்காட்டி எனக்கு ஒண்டும் தெரிய வந்திராது.

— என்ர இந்த வாய்தான் எனக்குச் சனி.

— சாப்பிடேக்கை சிறீதரனுக்குச் சொன்னியள். ‘இந்த வருசம் வாற ஃபஸான் எல்லாம் குளிருக்குக் காலில கம்பளி மேஸ் போட்டுக்கொண்டெல்லோ வருது, விரல் மட்டும் பொச்சுப் பொச்செண்டு இறகு, சூப்புக்குத் துப்பரவாக்க ஏலாமல் கிடக்கு’ எண்டு. எல்லாரும் சிரிச்சவை. நான் சோற்றை விட்டிட்டுப் பிறீசரைத் திறந்து பாத்தனான்.

— மற்றவைக்குப் பகிடி. உனக்குச் சோதினைத் தாள். கம்பஸில சூலொஜி படிச்ச பெட்டையை வைச்சுக்கொண்டு நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது.

— படிச்சதுக்கு ஒண்டாவது உதவட்டும். ஃபஸானுக்குக் கால் எங்கட ஊர்க்கோழிக்கால் மாதிரித்தான், அத்தான். செதில் செதிலா, வெறுங்கால். நீங்களே முந்தி நூறு ஃபஸான் உரிச்சிருப்பியள். எல்லைக்கு அங்கால கூட்டில வளத்து, விடிய வயலில துரத்திவிட்டு, மத்தியானம் சுட்டு, பெட்டியில போட்டு அனுப்பிறதுகள். இரைப்பையைக் கீறினா சோளம் கொட்டும்.

— ஓம். மஞ்சள் மஞ்சளாச் சோளம்.

— இதுகளின்ர இரைப்பைக்குள்ள என்ன கிடந்தது?

— உந்த மலையில பொறுக்கிற கறுத்தப் பழம். ஹைடல்பேரி. பிறகு ஏதோ மொட்டு, ஊசி ஊசியா இலை.

— அது மலைக்கோழி. பிர்க்ஹூன். பனிக்கு மேல நடக்கிறதால விரல் மட்டும் இறகு. சேவல் கன்னங்கரேல் எண்டு இருக்கும். அதைச் சுட இந்த மாதம் அனுமதி இருக்கு. பேட்டைச் சுடேலாது. எந்த மாதமும் ஏலாது. பத்ரோன் கொண்டுவந்து போட்டது முழுக்கச் சின்னக் கால், முழுக்கப் பேடு. அதுதான் தலையைக் கொத்தி, உடம்பு இறகைப் பிடுங்கி, துணியில சுத்திக்கொண்டு வந்தவர். காலில இருக்கிற குட்டி இறகைப் பிடுங்க ஆருக்குப் பொறுமை? காலை விட்டிட்டார். ‘குசினியில பாலேந்திரன் வெட்டி எறிஞ்சிடுவான்’ எண்டு உங்களை நினைச்சவர்.

— எறியச் சொல்லித்தான் சொன்னவர்.

— நீங்கள் எறிஞ்சனீங்களோ?

— சாப்பாட்டுச் சாமானை எப்பிடிப் பிள்ளை எறியிறது? மூண்டு வருசமா அந்தக் குசினியில ஒரு கோழிக்கழுத்தை நான் குப்பையில போட்டதில்லை. கழுத்து, கால், ஈரல் எல்லாம் சேர்த்து வைச்சு, மிளகும் நற்சீரகமும் தட்டிப்போட்டு ஒரு சூப்பு வைச்சா ஆறு பேரின்ர தடிமனும் இருமலும் ஒரு இரவில பறந்திடும். வெள்ளைக்காரருக்கு அந்த அருமை தெரியாது. மேஸ் போட்டதையும் ஒருநாள் ஆறுதலா வெந்நீர் ஊத்தித் துப்பரவாக்குவம் எண்டு பையில கட்டிப் பிறீசருக்க வைச்சன். அது ஒரு குற்றமோ?

— திகதியும் எழுதி வைச்சியள்.

— அது அந்தாளின்ர சட்டம். திகதி இல்லாத சாமான் பிறீசருக்குள்ள போகக்கூடாது. போன வருசம் தவராஜா திகதி போடாமல் ஒரு வாளி மீன்தலை வைச்சதுக்கு ஒரு கிழமை அவனோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

— ‘பதினெட்டு ஒக்டோபர், மேஸ், நாலு சோடி.’ ‘இருபத்திரண்டு, மூண்டு சோடி.’ ‘இருபத்தைஞ்சு, நாலு சோடி.’ தமிழில, உங்கட முத்து முத்தான எழுத்தில. பதினொரு பேடு.

— அதைத்தான் நானும் சொல்லுறன். என்ர எழுத்து. நாளைக்கு வேட்டைப் பொலிஸ்காரன் அதைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து ‘இது ஆற்றை கையெழுத்து’ எண்டு கேட்டா, சுட்டவனோ மாட்டுவான்? எழுதினவன்தான் மாட்டுவான்.

— அப்பிடி நடக்காது.

— நீ என்ன நீதவானோ? கேள் பிள்ளை, நான் நேராக் கேக்கிறன். உனக்கு அந்தக் கோழியளில என்ன இவ்வளவு பாசம்? கொப்பர் கௌதாரி பிடிச்சு வித்தவர்.

— ஓம். கண்ணி வைச்சுப் பிடிச்சவர், கிளிநொச்சிச் சந்தையில வித்தவர், நான் அதைத் தின்றவள். நான் கம்பஸுக்குப் போட்டுக்கொண்டு போன சப்பாத்தும் கௌதாரிக் காசுதான். எங்கட வம்சத்தில பத்தாம் வகுப்புத் தாண்டின முதல் ஆள் நான். என்னைத் தாண்ட வைச்சது செத்த கௌதாரியள். வேட்டையைப் பற்றி எனக்கு ஒரு பாவ புண்ணியமும் இல்லை. சேவலைச் சுடட்டும், வயிறு நிறையத் தின்னட்டும். நான் கதைக்கிறது அந்தக் கடுதாசியைப் பற்றி.

— எந்தக் கடுதாசி?

— பத்ரோன்ர மேசையில கிடந்தது. தூசி தட்டேக்கை கண்ணில பட்டது.

— நீ தூசி தட்டப் போனனியோ, வாசிக்கப் போனனியோ?

— எழுத்து மேல நோக்கிக் கிடந்தா நான் வாசிப்பன். அது என்ர வியாதி. ஹோட்டலுக்குப் பின்னால இருக்குதே சிவப்புச் சரிவு, ஒக்டோபரில முழுக்கப் பழச்செடி சிவந்து கிடக்கும், அதுக்கு மேலால ஸ்கீ லிப்ட் போடப்போகினம். இண்டைக்குப் பின்னேரம் ஊர்க்கூட்டத்தில கை உயர்த்தினா முடிஞ்சுது. லிப்ட் கமிட்டியின்ர தலைவர் ஆர்? எங்கட பத்ரோன். அந்தக் கடுதாசியில எழுதிக் கிடந்தது: ‘மேற்படி சரிவில் பேட்டுக்கோழிகள் தங்குவதாகவோ குஞ்சு பொரிப்பதாகவோ சான்று இல்லை.’

— இல்லையெண்டா இல்லைதானே.

— பறவைச் சங்கத்து ஆக்கள் நம்பேல்லை. பனிக்கு முதல் ஒருக்கா நாயளோட வந்து எண்ணவேணும் எண்டு கேட்டவை. நவம்பர் முதலாம் கிழமை எண்ண நாள் குறிச்சவை. பத்ரோன் எப்ப துவக்கெடுத்தவர்? ஒக்டோபர் பதினெட்டு. நான் மூண்டாம் மாடியில கட்டில் விரிக்கேக்கை ஜன்னலால கண்டிருக்கிறன், விடியக் காலமை அந்தச் சரிவாலதான் இறங்கி வாறவர். முதல் கடுதாசி எழுதினவர். பிறகு அந்தக் கடுதாசியை உண்மையாக்கத் துவக்கோட ஏறினவர்.

— எண்ணப் போனவைக்கு ஒண்டும் அம்பிடேல்லையாக்கும்.

— இரண்டு சேவல் அம்பிட்டது. பேடு ஒண்டும் இல்லை. எப்பிடி அம்பிடும், எங்கட பிறீசருக்குள்ள கிடந்ததுகள்தானே. அந்தப் பேடுகள் நிலத்தில செடிக்குக் கீழதான் முட்டையிடும், அத்தான். மாரியில பனிக்குள்ள குழி தோண்டிப் படுத்திருக்கும். மேலால ஒருத்தன் ஸ்கீயில போனா வெருண்டு கிளம்பும். நாளுக்கு நாலுதரம் கிளம்பினா இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு குளிரில செத்துப்போகும்.

— பங்கர் வெட்டிப் படுக்கிற கோழி எண்டு சொல்லு. எங்கட ஆக்கள்.

— சிரிக்காதேங்கோ.

— சிரிக்கேல்லை. சிரிச்சா அழவேண்டி வரும். ஆனா இது இந்த நாட்டுக்காரரின்ர பிரச்சினை, பிள்ளை. அவையின்ர மலை, அவையின்ர கோழி, அவையின்ர கூட்டம். எங்களுக்கு அங்க கை உயர்த்த உரிமை இல்லை.

— கை உயர்த்த உரிமை இல்லை. கண்டதைச் சொல்லவும் உரிமை இல்லையோ? பேர்ணில அகதிக் கந்தோரில என்னை விசாரிச்சது ஞாபகமிருக்கோ உங்களுக்கு? நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனியள், வெளியில வாங்கில இருந்தியள்.

— இருந்தன். குளிரில கால் விறைச்சுப் போச்சு.

— உள்ளுக்க ஒருத்தர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுக் கேட்டார். ‘உங்கள் கிராமத்தில் வீடுகள் எரிக்கப்பட்டதாகச் சொல்கிறீர்கள். எங்களிடம் உள்ள அறிக்கையில் அப்படி ஒன்று இல்லையே. சான்று இருக்கிறதா?’ நான் வெறுங்கையோட நிண்டன். எரிஞ்ச வீட்டில இருந்து என்னத்தைத் தூக்கிக்கொண்டு வாறது? அவர் எழுதினார்: சான்று இல்லை. அண்டைக்கு நான் ஒரு முடிவெடுத்தனான். இனி ஒருத்தன் என்ர கண்ணுக்கு முன்னால இருந்த ஒண்டை இல்லையெண்டு எழுதினா, நான் வெறுங்கையோட நிக்கமாட்டன். அது மனிசரா இருந்தாலும் சரி, கோழியா இருந்தாலும் சரி.

— கதைக்க நல்லாத்தான் கிடக்கு. கொக்காவும் இரண்டு பிள்ளையளும் யாழ்ப்பாணத்தில ஷெல்லுக்கு ஓடிக்கொண்டு திரியுதுகள். எனக்குச் செவ்வாய்க்கிழமை விசாரணை. இதையும் சேர்த்துக் கதை.

— அதை மறந்திட்டோ நான் கதைக்கிறன் எண்டு நினைக்கிறியள்?

— எனக்குத் தெரியேல்லை. உன்னைப் பாத்தா எனக்கு இப்ப ஒண்டும் தெரியேல்லை. நேற்றுப் பின்னேரம் பத்ரோன் என்னைத் தன்ர அறைக்குக் கூப்பிட்டவர். ‘பாலே, இரு’ எண்டார். மூண்டு வருசத்தில முதல்தரம் கதிரையில இருக்கச் சொன்னவர். தன்ர கையால கோப்பி ஊத்தித் தந்தவர். வேட்டைப் பொலிஸ் டெலிபோன் எடுத்ததாம், குசினியில இந்த மாதம் என்ன இறைச்சி எண்டு கேட்டதாம். ‘ஆரோ கதைக்கினம், பாலே. பிறீசரைத் துப்பரவாக்கு. ஃபஸான் எண்டு எழுதினது எல்லாத்தையும் பொயிலருக்க போடு. எங்கட பெட்டையையும் கொஞ்சம் பாத்துக்கொள்’ எண்டார்.

— சனிக்கிழமை பின்வாசலால ஒரு சாக்குக் கொண்டுவந்தவர். மூண்டு. இறகுகூடப் பிடுங்காமல் அவசர அவசரமாக் கொண்டுவந்ததை நான் மேலயிருந்து கண்டனான். எண்ணினவை தப்பவிட்ட மூண்டாத்தான் இருக்கும். அதுகள் எங்க?

— அதெல்லாம் முடிஞ்சுது.

— முடிஞ்சுது எண்டா?

— பொயிலருக்க போட்டாச்சு. நேற்று ஆறு மணிக்கு.

— ஆர் போட்டது?

— நான்தான்.

— நீங்கள்.

— ஓம், நான். ஏன் அப்பிடிப் பாக்கிறாய்?

— கோழிக்கழுத்தைக் குப்பையில போடாத மனிசன் மூண்டு முழுக் கோழியை நெருப்பில போட்டிருக்கிறார் எண்டு பாக்கிறன்.

— தேவை வந்தா எல்லாம் போடலாம். போட்டிட்டன் எண்டு போய்ச் சொன்னன். மேசை லாச்சியைத் திறந்து இந்த நற்சான்றுக் கடுதாசியைத் தந்தவர். இந்தா, பார். ஆறு மாதமாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சன். ‘சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்’ எண்டவர். நேற்று ஒரு நிமிசத்தில தந்தவர். முத்திரை, கையெழுத்து எல்லாம் கிடக்கு. செவ்வாய்க்கிழமை இதைத்தான் மேசையில வைக்கப்போறன்.

— வாசிச்சனீங்களோ?

— ஒரு பக்கம் முழுக்க ஜெர்மன். என்ர பேர் இரண்டு இடத்தில கிடக்கு, அதுவரைக்கும் வாசிச்சன். நல்லாத்தான் எழுதியிருப்பார். நீ வாசிச்சுச் சொல்லன்.

— வேண்டாம், அத்தான்.

— ஏன் வேண்டாம்? பொல்லாததா எழுதியிருக்கிறாரோ?

— இல்லை. நல்லதாத்தான் எழுதியிருக்கிறார்.

— அப்ப வாசி. நாலு நல்ல சொல்லு என்னைப் பற்றி ஒருத்தர் எழுதினா எனக்கும் கேக்க ஆசை இருக்காதோ?

— ‘திரு. பாலேந்திரன் மூன்று ஆண்டுகளாக எமது சமையலறையில் பணிபுரிகிறார். சுத்தமானவர், நேரம் தவறாதவர். குடிப்பழக்கம் இல்லை.’

— பாத்தியோ.

— ‘அவர் மிகவும் அடக்கமானவர். சொன்னதைச் செய்வார். எதற்கும் கேள்வி கேட்கமாட்டார். இத்தகைய மனிதர்களால் எமது நாட்டுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.’

— பிறகு?

— அவ்வளவுதான். கீழ கையெழுத்து.

— அவ்வளவுதானோ.

— ஓம்.

— அந்தச் ‘சொன்னதைச் செய்வார்’ எண்ட இடத்தை இன்னொருக்கா வாசி.

— ‘சொன்னதைச் செய்வார். எதற்கும் கேள்வி கேட்கமாட்டார்.’

— ம்.

— ஏன் அங்கால திரும்பிறியள்?

— ஒண்டுமில்லை. காத்து முகத்தில அடிக்குது. நான் கூட்டுறவுக் கடையில மனேஜரா இருந்தனான், தெரியுமோ? பதினொரு பேர் எனக்குக் கீழ. கணக்குப் பிழைச்சா ஏஜீஏ எண்ட அரசாங்க அதிகாரியையே எழுப்பி வைச்சுக் கேள்வி கேட்டவன் நான். சரி, அதை விடு. கடுதாசியைத் தா, நனையப்போகுது.

— இந்தாங்கோ. மடிச்சு வைச்சிருக்கிறன்.

— தயாநிதி, உனக்கு ஒண்டு சொல்லவேணும். நீ கத்தக்கூடாது.

— சொல்லுங்கோ.

— உந்தப் பையை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். அதுக்குள்ள இருக்கிறது வெறும் கோழிக்கால். ஊர்க்கோழி. நேற்று நான் மாத்தி வைச்சிட்டன். மேஸ் போட்டது ஒண்டும் அதில இல்லை. நீ போய் மேசையில கொட்டினா வேட்டைப் பொலிஸ் உன்னைப் பாத்துச் சிரிப்பான். அதுதான் சொல்லுறன், வா, திரும்பிப் போவம்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— காலமை தூக்கேக்கையே தெரியும். இறகு வைச்ச கால் பஞ்சு மாதிரி இருக்கும். இது கல்லு மாதிரிக் கிடக்கு.

— தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் பையைத் தரமாட்டன் எண்டு நிண்டனி?

— இதுவும் தேவைப்படும். வெறுங்கால் எப்பிடி இருக்கும் எண்டு பக்கத்தில வைச்சுக் காட்ட ஒண்டு வேணுமெண்டு அவர் கேட்டவர். கோழிக்காலுக்கு எங்க போறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். நீங்களே கட்டி வைச்சிருக்கிறியள்.

— எவர் கேட்டவர்?

— நீங்கள் மாத்தேக்கை எண்ணிப் பாத்தனீங்களோ, அத்தான்?

— எதை?

— எடுத்த காலை. பதினொரு சோடி எண்டு நீங்களே எழுதி ஒட்டினது. இருபத்திரண்டு கால் இருக்கவேணும்.

— எண்ணேல்லை. பத்ரோன் மேல நடக்கிற சத்தம் கேக்குது, ஆர் எண்ணுறது.

— பதினொண்டுதான் இருந்திருக்கும். ஒவ்வொரு சோடியிலயும் ஒண்டை நான் போன வியாழக்கிழமையே எடுத்துக்கொண்டு டாவோஸுக்குப் போயிட்டன். என்ர லீவு நாள். வேட்டைப் பொலிஸ் கந்தோரில அந்தாள் கடுதாசி விரிச்சு ஒவ்வொண்டா அடுக்கினவர், அளந்தவர். கடைசியில மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு ‘பதினொரு பேடு’ எண்டார். செத்த வீட்டில கதைக்கிற மாதிரி.

— நாசம். அப்ப என்ர எழுத்தும் போயிட்டுது.

— போகேல்லை. உங்கட லேபிள் மூண்டும் இந்தப் பையிலதான் கிடக்கு, நான் வேற பையில போட்டுத்தான் குடுத்தனான்; இதையும் கிழிச்சிட்டுத்தான் காட்டுவன். அவர் ‘எப்ப, எங்க, ஆர் கண்டது’ எண்டு கேட்டு எழுதினவர். நான் கண்டது எண்டு சொன்னன். என்ர பேர், என்ர பிறந்த திகதி, என்ர அகதி அட்டை நம்பர். கையெழுத்தும் என்ர. அதில பாலேந்திரன் எண்டு ஒரு ஆளே இல்லை.

— என்னைக் கேக்காமல் என்னை வெட்டிப்போட்டாய்.

— வெட்டேல்லை. காப்பாத்தினனான்.

— இரண்டும் ஒண்டுதான், பிள்ளை. பத்ரோனும் அதைத்தான் செய்தவர்.

— ... அத்தான், நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை.

— தெரியும். அந்தா, ரயில் சத்தம் கேக்குது. போன கிழமையே எல்லாம் குடுத்திட்டாய் எண்டா இண்டைக்கு எதுக்கு இன்னொருக்கா டாவோஸ் போறாய்?

— நான் டாவோஸ் போறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

— ரயிலுக்குத்தானே நிக்கிறாய்.

— ரயிலுக்குத்தான் நிக்கிறன். ஏறுறதுக்கில்லை. அந்தப் பச்சைத் தொப்பி, மீசை வைச்ச மனிசன், கடைசிப் பெட்டியால இறங்கிறார் பாருங்கோ. அவர்தான். குசினிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கிறன்.

— குசினிக்கோ?

— கால் மட்டும் காணாதாம். எந்த மலையில சுட்டது எண்டு காலைப் பாத்துச் சொல்ல ஏலாதாம். ‘முழுப் பறவை ஒண்டு, இரைப்பையோட, அந்தப் பிறீசருக்குள்ள நான் என்ர கண்ணால காணவேணும். கண்டா இண்டைக்குக் கூட்டத்தில நானே எழும்பிச் சொல்லுவன், லிப்ட் நிக்கும்’ எண்டவர். சனிக்கிழமை மூண்டு வந்த உடன நான்தான் டெலிபோனில சொன்னனான். நேற்று வரை மூண்டும் இருந்தது. இப்ப சாம்பல்தான் இருக்கு.

— அப்ப வந்து என்ன காணப்போறார்?

— ஒண்டும் காணமாட்டார். பின்னேரம் பத்ரோன் சிரிப்பார். எல்லாரும் கை உயர்த்துவினம். சிரிக்கட்டும். நான் கதவடியில நிண்டு, அங்க பதினாலு பேடு இருந்தது எண்டு சொல்லுவன். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில, பிழை பிழையாச் சொல்லுவன். பிடிச்சு வெளியில தள்ளட்டும். நீங்கள் இஞ்ச நிக்காதேங்கோ, அத்தான். உங்களை என்னோட கண்டா அந்தக் கடுதாசி பழுதாப்போகும். அந்தக் குறுக்கு வழியால கெதியா நடவுங்கோ. ஏன் நிக்கிறியள்? இதென்ன, எனக்கு என்ன தாறியள்?

— பிறீசர்த் திறப்பு. காலமை நீ பையை எடுத்த பிறகு பூட்டினனான். அந்தக் கடுதாசியில ஒரு பிழை கிடக்கு, பிள்ளை, சொன்னதை நான் செய்யேல்லை. மூண்டும் இறகோட பாண் பெட்டிக்குக் கீழ கிடக்குது, சனிக்கிழமைத் திகதியும் போட்டு வைச்சிருக்கிறன்.